ஓய்வுநிலை உராய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உராய்வு என்றதும் பலர் நினைவுக்கு வருவது தேய்மானமும் சூடும்தான். அவை வழுக்கும்போது நடப்பவை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் நிற்கும்போதும் ஓர் உராய்வு விசை வேலை செய்கிறது. அதுதான் ஓய்வுநிலை உராய்வு. நாம் நடப்பதும், வண்டி வளைவில் திரும்புவதும், சுவரில் சாய்த்த ஏணி நிற்பதும், இறுக்கிய போல்ட் இறுகியே இருப்பதும் இதனால்தான். இதைப் புரிந்துகொள்ள ஒவ்வோர் இடத்திலும் இரண்டைக் கேட்டால் போதும்: இங்கே எவ்வளவு உராய்வு தேவைப்படுகிறது? இந்தப் பரப்பு அதிகபட்சம் எவ்வளவு தரும்? கீழுள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே வருகின்றன.

பீரோவைத் தள்ளுகிறேன், அசையவில்லை. அப்போது உராய்வு விசை எவ்வளவு?

நீங்கள் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு. 40 கிலோ பீரோவை 50 நியூட்டன் விசையோடு தள்ளினால் தரை 50 நியூட்டன் எதிர்ப்பைத் தரும். 100 நியூட்டன் கொடுத்தால் 100. தள்ளாமல் கையை எடுத்துவிட்டால் பூஜ்யம். ஓய்வுநிலை உராய்வுக்கென்று நிலையான அளவு கிடையாது. வழுக்கலைத் தடுக்கத் தேவையான அளவை மட்டுமே அது கொடுக்கும்.

ஆனால் அதற்கு ஒரு மேல் வரம்பு உண்டு. உராய்வுக் குணகத்தை, அதாவது மியூவை, செங்குத்து எதிர்விசையால் (பரப்பு பொருளைத் தாங்கும் விசை; சமதளத்தில் அது எடைக்குச் சமம்) பெருக்கினால் அந்த வரம்பு கிடைக்கும். பீரோவின் எடை 40 × 9.8 = 392 நியூட்டன். ஓய்வுநிலைக் குணகம் 0.4 என்றால் வரம்பு 157 நியூட்டன். 156 நியூட்டனுக்கு பீரோ அசையாது, 160 நியூட்டனுக்கு நகரும். நகர்ந்த பிறகு இயக்க உராய்வு பொறுப்பேற்கிறது. அதன் குணகம் 0.3 என்று வைத்தால் எதிர்ப்பு சுமார் 118 நியூட்டனாகக் குறையும். அதே 160 நியூட்டனோடு தொடர்ந்து தள்ளினால் மிஞ்சும் 42 நியூட்டன் பீரோவை வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 1 மீட்டர் வேகம் கூட்டி முடுக்கும். பீரோ ‘சட்டென்று’ நகர்ந்து, தள்ளியவர் முன்னால் தடுமாறுவதற்குக் காரணம் இந்த 42 நியூட்டன்தான்.

பாடநூலில் உராய்வு விசை என்றால் மியூ × செங்குத்து எதிர்விசை என்றுதானே இருக்கிறது?

இயக்க உராய்வுக்கு அது சரி. ஓய்வுநிலை உராய்வுக்கு அது வரம்பு மட்டுமே. சூத்திரத்தில் சமக்குறி இல்லை, ‘அதற்குள்’ என்ற குறிதான் உண்டு. தேர்வில் மதிப்பெண் போகும் இடங்களில் இது முதன்மையானது. 20 பாகைச் சாய்தளத்தில் 10 கிலோ பெட்டி, மியூ 0.5, உராய்வு எவ்வளவு என்று கேட்பார்கள். அவசரப்படுபவர் 0.5 × 98 × கொசைன் 20 என்று போட்டு 46 நியூட்டன் என எழுதிவிடுவார். சரியான வழி, முதலில் தேவையைப் பார்ப்பது: பெட்டியைக் கீழே இழுக்கும் ஈர்ப்பின் கூறு 98 × சைன் 20 = 33.5 நியூட்டன். வரம்பான 46 நியூட்டனுக்குள் அது அடங்குகிறது. ஆகவே பெட்டி நிற்கிறது, உராய்வு 33.5 நியூட்டன். 46 நியூட்டன் உராய்வு இருந்திருந்தால் பெட்டி தானாகச் சரிவில் மேலே ஏறியிருக்க வேண்டும்!

உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிராகத்தானே இருக்கும்?

இல்லை. ஒரு பரப்பு மற்றொன்றின்மேல் வழுக்கப் பார்க்கும் திசைக்கு எதிராக இருக்கும். இரண்டும் வேறு வேறு. நடக்கும்போது பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது; தரை பாதத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. நம்மை முன்னால் கொண்டுபோவது அந்த உராய்வுதான். பைக்கில் எஞ்சின் சுழற்றும் பின் சக்கரத்துக்குச் சாலை தரும் உராய்வு முன்னோக்கி இருக்கும். உருட்டிக்கொண்டு போகப்படும் முன் சக்கரத்தில், வேகம் கூடும்போது, அது பின்னோக்கி இருக்கும். லாரி கிளம்பும்போது தட்டில் உள்ள பெட்டியை முன்னால் இழுத்துச் செல்வதும் தட்டின் உராய்வுதான். அங்கே ஓய்வுநிலை உராய்வு பெட்டியின்மேல் வேலை செய்து அதன் இயக்க ஆற்றலைக் கூட்டுகிறது. ‘ஓய்வுநிலை உராய்வு வேலையே செய்யாது’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த லாரியை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சுழலும் சக்கரத்தில் ஓய்வுநிலை எங்கிருந்து வருகிறது?

வழுக்காமல் உருளும் சக்கரத்தில், சாலையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் சாலையோடு ஒப்பிட அசைவற்றது. மையம் எந்த வேகத்தில் முன்னே போகிறதோ அதே வேகத்தில் அடிப்புள்ளி சுழற்சியால் பின்னே போகிறது. இரண்டும் கழிந்து பூஜ்யமாகின்றன. அதனால்தான் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியும் ஓய்வுநிலை உராய்வை நம்பியே ஓடுகிறது.

ஓய்வுநிலைக் குணகம் இயக்கக் குணகத்தைவிடப் பெரிதாக இருப்பது ஏன்?

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இரண்டு பரப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் உண்மையில் தொட்டுக்கொள்பவை சில மேட்டு நுனிகள் மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் பரப்பில் அது மிகச் சிறு பங்கு. முழு எடையும் அந்த நுனிகளில் இறங்குவதால் அவை நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வழுக்க வைப்பது என்றால் இந்த ஒட்டுகளை அறுப்பது. இந்தப் படத்தைத் தெளிவாக்கியவர்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த பௌடனும் டேபரும்.

நின்றுகொண்டிருக்கும்போது அந்த நுனிகள் மெல்ல மெல்ல மேலும் நசுங்குகின்றன. நேரம் ஆக ஆக ஒட்டிய பரப்பு சிறிது கூடும். இந்தக் கூடுதல் நேரத்தின் மடக்கையைப் பின்பற்றும்: முதல் சில வினாடிகளில் வேகமாகக் கூடி, பிறகு மிக மெதுவாகும். ஓய்ந்திருக்கும் நேரத்தைப் பொறுத்து உராய்வு கூடுவதை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் அளந்து காட்டியிருந்தார். நகரத் தொடங்கிய பிறகு எந்த நுனிக்கும் ஆற அமர நசுங்க நேரம் கிடைப்பதில்லை. எனவே எதிர்ப்பு குறைகிறது. எல்லாப் பொருள் இணைகளிலும் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. டெஃப்லானில் இரண்டும் 0.04ஐ ஒட்டியே இருக்கும்.

தொடும் பரப்பு பெரிதானால் உராய்வு கூடுமா?

மரம், உலோகம், கல் போன்ற கெட்டியான பொருள்களில் கூடாது. ஒரு செங்கல்லைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் நகர்த்தத் தேவையான விசை ஏறத்தாழ ஒன்றே. லியனார்டோ டா வின்சி இதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார், ஆனால் வெளியிடவில்லை. 1699இல் பிரான்சின் அமோந்தோன் அதையே தனியாகக் கண்டு வெளியிட்டார். காரணம் மேலே சொன்னதுதான். பரப்பைப் பெரிதாக்கினால் அதே எடை அதிக நுனிகளில் பகிரப்படும். ஒவ்வொரு நுனியும் குறைவாக நசுங்கும். உண்மையான தொடுபரப்பின் கூட்டுத்தொகை மாறாது.

ரப்பர் இந்த விதிக்கு முழுமையாகக் கட்டுப்படாது. அது மென்மையானது, சாலையின் மேடுபள்ளங்களுக்குள் புகுந்துகொள்ளும். அழுத்தம் கூடக்கூட அதன் குணகம் சிறிது குறையும். பந்தய வண்டிகளுக்கு அகலமான டயர் போடுவதில் இதற்கும் பங்குண்டு. டயர் சூடாகாமல் பார்த்துக்கொள்வதும், மென்மையான ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடாமல் தடுப்பதும் மற்றக் காரணங்கள்.

குணகம் 1ஐத் தாண்டுமா?

தாண்டும். 1 என்பது எந்த எல்லையும் அல்ல. பொருளை நகர்த்த அதன் எடைக்குச் சமமான விசை வேண்டும் என்பது மட்டுமே அதன் பொருள். சுத்தமான அலுமினியம்மேல் அலுமினியம், பந்தய டயர்கள், சிலிக்கோன் ரப்பர் ஆகியவற்றில் 1க்கு மேல் சாதாரணமாகவே வரும்.

வீட்டிலேயே குணகத்தை அளக்க முடியுமா?

முடியும். 60 செ.மீ. நீளமுள்ள நேரான பலகை ஒன்று, ஓர் அளவுகோல், சோதிக்க வேண்டிய பொருள் (மரத்துண்டு, அழிப்பான், தட்டையான டப்பா) இவை போதும். பலகையின் ஒரு முனை நகராதபடி சுவரிலோ கனமான புத்தகத்திலோ முட்டுக்கொடுங்கள். பொருளை மறுமுனைக்கு அருகே வைத்து, அந்த முனையை மெல்ல உயர்த்துங்கள். பொருள் வழுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயர்ந்த முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம், அதற்கு நேர் கீழே உள்ள புள்ளி முட்டுக்கொடுத்த முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளங்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் ஓய்வுநிலைக் குணகம். உயரம் 21 செ.மீ., தரைத் தூரம் 56.2 செ.மீ. என்றால் விடை 0.37. பொருளின் எடை கணக்கில் வராது. அரைக் கிலோவும் ஐந்து கிலோவும் ஒரே சாய்வில்தான் வழுக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு, உயரத்தைப் பலகையின் நீளமான 60ஆல் வகுப்பது. அப்படிச் செய்தால் 0.35 வரும்; அது சைன், நமக்கு வேண்டியது டேன்ஜென்ட். அடுத்தது, பலகையைக் குலுக்கி உயர்த்துவது. சிறு அதிர்வே ஒட்டுகளை அறுத்துவிடும், குணகம் குறைவாகக் காட்டும். விரல் எண்ணெயும் தூசியும் முடிவை வெகுவாக மாற்றும், ஆகவே உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். உயரமான பொருள் வழுக்குவதற்கு முன்பே கவிழலாம், தட்டையானதைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுங்கள். கவனமாகச் செய்தாலும் இரண்டாம் தசம இலக்கத்தை அதிகம் நம்ப வேண்டாம். உராய்வுக் குணகத்தின் இயல்பே அப்படி. அட்டவணைகளில் ஒரே இணைக்கு வெவ்வேறு எண்கள் இருப்பதும் அதனால்தான்.

இயக்கக் குணகம் வேண்டுமானால், பலகையை லேசாகத் தட்டிவிட்டு, பொருள் வேகம் கூடாமலும் குறையாமலும் சீராக இறங்கும் சாய்வைத் தேடுங்கள். வகுத்தல் அதேதான்.

கனமான பொருளைத் தள்ளுவது நல்லதா, இழுப்பதா?

கிடைமட்டமாகச் செய்தால் இரண்டும் ஒன்றே. வேறுபாடு சாய்வில் வருகிறது. நின்றபடி தள்ளும்போது விசை கீழ்நோக்கிச் சாய்கிறது. அது பொருளைத் தரையோடு அழுத்தி, நாம் தாண்ட வேண்டிய வரம்பையே உயர்த்திவிடுகிறது. கயிறு கட்டி மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் எடையில் ஒரு பங்கைக் கயிறு தூக்கிக்கொள்ளும், வரம்பு குறையும். நமது 40 கிலோ பீரோவுக்கு, மியூ 0.4 என்றால், கிடைமட்டமாக 157 நியூட்டன் தேவை. 30 பாகை மேல்நோக்கி இழுத்தால் 147. 30 பாகை கீழ்நோக்கித் தள்ளினால் 235.

மிகக் குறைந்த விசை தேவைப்படும் இழுப்புக் கோணத்தின் டேன்ஜென்ட் மியூவுக்குச் சமம். இங்கே அது சுமார் 22 பாகை. கீழ்நோக்கித் தள்ளும் கோணம் 68 பாகையைத் தாண்டினால், எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் பீரோ நகராது. கூட்டும் ஒவ்வொரு நியூட்டனும் கிடைமட்டத் தள்ளலைவிட வரம்பை அதிகமாக உயர்த்துகிறது. நடைமுறையில், தள்ளியே ஆகவேண்டும் என்றால் குனிந்து, பொருளின் அடிப்பகுதிக்கு அருகே, கைகள் தரைக்கு இணையாக இருக்கும்படி தள்ளுங்கள். மேலே பிடித்துத் தள்ளினால் கவிழும் அபாயமும் உண்டு.

ஏணியில் பாதி ஏறும்வரை உறுதியாக நின்றது. மேலே போனதும் அடி சறுக்கியது. ஏன்?

ஏறுபவர் உயர உயர, ஏணியின் அடியில் தேவைப்படும் உராய்வு கூடுகிறது. வரம்போ அப்படியே இருக்கிறது. பாதியில் தாங்கியதால் உச்சியிலும் தாங்கும் என்ற நம்பிக்கைதான் ஆபத்து.

சுவரில் 4 மீட்டர் உயரத்தில் சாய்ந்து, அடி சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கும் ஏணியை எடுத்துக்கொள்வோம். ஏறுபவர் 70 கிலோ, எடை 686 நியூட்டன். ஏணியின் எடையையும் சுவரின் உராய்வையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். அடியில் தேவைப்படும் உராய்வு = எடை × (அடித்தூரம் ÷ உயரம்) × ஏறிய பங்கு. பாதியில் அது 172 நியூட்டன். அதற்குக் குணகம் 0.25 இருந்தால் போதும். உச்சியில் 343 நியூட்டன், குணகம் 0.5 வேண்டும். தூசி படிந்த கிரானைட் தரையில், ரப்பர் தேய்ந்துபோன ஏணிக்கால் 0.5 தரும் என்று நம்ப முடியாது.

அடியை 1 மீட்டருக்கு உள்ளே கொண்டுவந்தால் உச்சியில்கூட 0.25 போதும். நாலுக்கு ஒன்று என்ற விதி (நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளிவைப்பது) இங்கிருந்து வருவதுதான். இதைவிடவும் செங்குத்தாக வைத்தால் பின்னால் சாயும் அபாயம் தலைகாட்டும்.

கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, அடிப்படியில் ஏறி நிற்பது அதிகப் பயன் தரும். 60 கிலோ ஆள் அடிப்படியில் நின்றால் செங்குத்து எதிர்விசை 686லிருந்து 1274 நியூட்டனாக உயரும், தேவை ஏறத்தாழ மாறாது. 2 மீட்டர் தள்ளிவைத்த ஏணிக்கும் அப்போது 0.27 போதும். ஈரத்தரையிலோ, விரித்த சாக்கின்மேலோ, பெயிண்ட் சிந்தாமலிருக்கப் போட்ட பிளாஸ்டிக் தாளின்மேலோ ஏணியை வைக்காதீர்கள். சாக்குக்கும் தரைக்கும் இடையே வழுக்கினால் ஏணிக்காலின் ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு பிரேக் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்காதா?

நிற்காது. சக்கரம் பூட்டியதும் டயர் வழுக்கத் தொடங்குகிறது. ஓய்வுநிலை உராய்வு போய், சிறியதான இயக்க உராய்வு வருகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில், உலர்ந்த கான்கிரீட்டில் ஓய்வுநிலைக் குணகம் 1.0, இயக்கக் குணகம் 0.7 என்று வைத்துக் கணக்கிட்டால், வழுக்காமல் நிற்க 14 மீட்டர், வழுக்கி நிற்க 20 மீட்டர். பிரேக்கைத் தொடுவதற்கு முன் மூளை எடுத்துக்கொள்ளும் ஒரு வினாடியில் போகும் 17 மீட்டர் இதற்கு மேல் சேரும்.

தூரத்தைவிட முக்கியமான இழப்பு ஒன்று உண்டு. வழுக்கும் டயரின்மேல் உராய்வு, வழுக்கும் திசைக்கு நேர் எதிராகவே இருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் பக்கவாட்டு விசை கிடைக்காது. முன் சக்கரம் பூட்டிய பைக் உடனே சாய்வதற்குக் காரணம் அதுதான். ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு, சக்கரம் பூட்டப்போவதை உணர்ந்து, பிரேக் அழுத்தத்தை வினாடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல் இருசக்கர வாகனங்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் அது கட்டாயமானது.

துல்லியமாகச் சொன்னால், டயரின் பிடி உச்சத்தைத் தொடுவது முழு ஓய்வுநிலையில் அல்ல. 10 முதல் 20 சதவீதம் வரை வழுக்கல் இருக்கும்போது. ரப்பர் வளைந்து நீள்வதால் தொடுபரப்பின் முன்பகுதி பிடித்துக்கொண்டும் பின்பகுதி நழுவிக்கொண்டும் இருக்கும். ஏபிஎஸ் தேடிப்பிடிப்பது அந்த உச்சத்தை. தளர்ந்த சரளைக்கல்லில் மட்டும் நிலைமை மாறும். பூட்டிய சக்கரம் கல்லை முன்னால் குவித்துத் தடை கட்டிக்கொள்வதால் அங்கே ஏபிஎஸ் இல்லாத வண்டி சற்று முன்பே நிற்கலாம்.

வளைவில் கனமான வண்டிக்குப் பிடி அதிகமா?

பிடியும் அதிகம், தேவையும் அதே அளவு அதிகம். கணக்கில் எடை கழிந்துவிடுகிறது. சரிவில்லாத வளைவில் வழுக்காமல் போகக்கூடிய உச்ச வேகம், மியூ × 9.8 × வளைவின் ஆரம் ஆகியவற்றின் பெருக்கலுக்கு வர்க்கமூலம். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற ஓர் இடத்தில் ஆரம் 15 மீட்டர் என்றால், மியூ 0.7க்கு மணிக்கு 36 கிலோமீட்டர். வளைவில் மணல் கிடந்து மியூ 0.3ஆகக் குறைந்தால் 24. வளைவுக்குள் பிரேக் போடாதீர்கள் என்பதற்கும் காரணம் இதே வரம்புதான்: திரும்பவும் நிற்கவும் ஒரே உராய்வு பங்கு போடப்பட வேண்டும். திரும்புவதற்கே முழுவதும் செலவாகிக்கொண்டிருந்தால் பிரேக்குக்கு மிச்சமில்லை.

லாரியில் ஏற்றிய கனமான சரக்கு தன் எடையாலேயே நிற்காதா? கட்ட வேண்டுமா?

கட்டியே ஆகவேண்டும். தட்டுக்கும் பெட்டிக்கும் மியூ 0.4 என்றால், உராய்வு மட்டும் தாங்கக்கூடிய வேகக்குறைப்பு வினாடிக்கு வினாடி 3.9 மீட்டர், பெட்டி 5 கிலோவானாலும் 5 டன்னானாலும். திடீர் பிரேக்கில் 6 மீட்டர் வரலாம். 500 கிலோ பெட்டிக்கு அப்போது தேவை 3000 நியூட்டன், உராய்வின் வரம்பு 1960. குறையும் 1040 நியூட்டனைப் பட்டைதான் தரவேண்டும். மேலே போட்டு இறுக்கும் பட்டை சரக்கை நேராகப் பிடிப்பதில்லை, தட்டோடு அழுத்துகிறது; ஆகவே கீழ்நோக்கி 1040 ÷ 0.4 = 2600 நியூட்டன் அழுத்தம் கூடுதலாக வேண்டும். மேடுபள்ளத்தில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் செங்குத்து எதிர்விசை ஒரு கணம் குறைவதால், பிரேக்கே போடாமல்கூட சரக்கு அங்குலம் அங்குலமாக நகரும். பட்டையைப் பயணத்தின் நடுவே மீண்டும் இறுக்கிப் பார்ப்பது அதனால்தான்.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்காதா? ஊட்டி ரயிலுக்கு மட்டும் ஏன் பல்சக்கரம்?

உலர்ந்த தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடி 0.25 முதல் 0.35 வரை. சமதளத்துக்கு இது தாராளம். நம் ரயில்வேயின் டபிள்யூஏபி-7 மின் எஞ்சினின் எடை 123 டன், கிளம்பும்போது அது தரும் இழுவிசை சுமார் 323 கிலோநியூட்டன். இழுவிசையை எடையால் (சுமார் 1205 கிலோநியூட்டன்) வகுத்தால் 0.27, வடிவமைத்தவர்கள் உராய்வின் வரம்பை ஒட்டியே வந்து நின்றிருக்கிறார்கள். மழையில் பிடி குறைந்தால் எஞ்சின் தன் சக்கரங்களுக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் தூவும்.

நீலகிரி மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் ஏறத்தாழ 12க்கு 1, அதாவது 0.083. 0.25ஐவிட இது குறைவுதானே, பிறகு ஏன் பல்சக்கரம் என்று கேட்கலாம். ரயிலில் எஞ்சினின் சக்கரங்கள் மட்டுமே தள்ளுகின்றன; ஆனால் சரிவு பெட்டிகளையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. எஞ்சின் 50 டன், பெட்டிகள் 50 டன் என்று வைத்துக்கொண்டால் எஞ்சினுக்குத் தேவைப்படும் குணகம் இருமடங்காகி 0.167 ஆகிவிடும். நீலகிரியின் சாரல், பனி, நசுங்கிய இலைச்சாறு இவை படிந்த தண்டவாளத்தில் பிடி 0.1க்கும் கீழே போகும். ஏறும்போது வழுக்கினால் வண்டி நிற்கும். இறங்கும்போது வழுக்கினால் நிறுத்த வழியில்லை. ஆகவே நடுவில் பற்களுள்ள தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதில் கவ்வ வைத்தார்கள். எஞ்சினைக் கீழ்ப்பக்கம் வைத்துப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதும் இதே எச்சரிக்கையால். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின்மேல்தான் வந்து நிற்கும்.

தேரைக் கிளப்பும்போது மட்டும் அவ்வளவு பேர் தேவைப்படுவது ஏன்?

தேரின் சக்கரம் தரையில் வழுக்குவதில்லை, உருள்கிறது. வழுக்கல் நடக்கும் இடம் அச்சும் சக்கரமும் சேரும் துளை. அங்கே உராய்வு பெரிதுதான், ஆனால் அது அச்சின் சிறிய ஆரத்தில் செயல்படுகிறது. நாம் இழுப்பதோ சக்கரத்தின் பெரிய ஆரத்தில். சக்கரம் அச்சைப்போல் 10 மடங்கு ஆரமுடையது, துளையில் குணகம் 0.2 என்று வைத்தால், இழுவிசை எடையில் 0.02 பங்கு. திருவாரூர் ஆழித்தேர் போன்ற சுமார் 300 டன் தேருக்கு அது 6 டன். சக்கரமே இல்லாமல் 0.4 குணகத்தில் இழுத்துச் சென்றால் 120 டன் வேண்டியிருக்கும்.

இந்த 6 டன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது குறையும். நிலையில் ஆண்டு முழுக்க நின்ற தேரில் துளையிலிருந்த எண்ணெய்ப் பசை எடையால் பிதுங்கி வெளியேறியிருக்கும், மேட்டு நுனிகள் நன்றாக நசுங்கிப் பிடித்திருக்கும், சக்கரத்தின் அடியில் தரையும் சற்று அமுங்கியிருக்கும். வடம் பிடிப்பதோடு பின்னாலிருந்து நெம்பியும் கொடுப்பது இந்த முதல் தடையை உடைக்கத்தான்.

முட்டுக்கட்டையும் ஓய்வுநிலை உராய்வின் கருவியே. கட்டை தரையிலும் சக்கரத்திலும் இரு பக்கமும் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் குணகம் 0.4 என்றால், சக்கரம் தொடும் இடத்தில் கட்டையின் சரிவு 43 பாகைக்குள் இருக்கும்வரை அது கவ்விக்கொள்ளும். அதைத் தாண்டினால் பிதுங்கித் தெறிக்கும். மிகத் தாழ்வான கட்டையென்றால் சக்கரம் அதன்மேல் ஏறிப் போய்விடும். சரியான கட்டையைத் தேர்ந்து, ஓடும் தேரின் சக்கரத்தடியில் போடுபவர்கள் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் வேலை செய்கிறார்கள்.

கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருவரே பெரிய படகைப் பிடித்து நிறுத்த முடிகிறதே?

ஒவ்வொரு சுற்றும் பிடியைப் பெருக்குகிறது, கூட்டுவதில்லை. 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் பெயரால் வழங்கும் சூத்திரப்படி, குணகம் 0.3 என்றால் ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கு, இரண்டுக்கு 43, மூன்றுக்கு 285. கையில் 10 கிலோ எடைக்குச் சமமான பிடி இருந்தால் மூன்று சுற்றில் 2.8 டன் இழுப்பைத் தாங்கலாம். கம்பத்தின் பருமன் கணக்கில் வராது. கயிறு நனைந்து குணகம் 0.15ஆகப் பாதியானால், மூன்று சுற்றின் பலன் 285லிருந்து 17ஆக வீழ்ந்துவிடும்.

இறுக்கிய போல்ட் தானாகக் கழலாமல் இருப்பது எப்படி? பிறகு ஏன் சில சமயம் கழல்கிறது?

திருகுப்புரி என்பது தண்டைச் சுற்றி மடித்த சாய்தளம். 10 மி.மீ. போல்ட்டில் புரி இடைவெளி 1.5 மி.மீ.; சாய்வு 3 பாகை மட்டுமே. உலோகத்துக்கு உலோகம் 0.15 குணகம் என்றால் எட்டரைப் பாகை வரை வழுக்காது. எனவே எவ்வளவு இழுத்தாலும் அது தானாகச் சுழலாது.

அதிர்வு விஷயம் வேறு. இணைத்த தகடுகள் பக்கவாட்டில் முன்னும் பின்னும் நழுவத் தொடங்கினால், புரியில் உராய்வு முழுவதும் அந்தத் திசைக்கே செலவாகிவிடும். கழல்வதைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. 1969இல் ஜெர்மனியின் யுங்கர் இதைச் சோதனையில் காட்டினார். தகடுகள் நழுவாத அளவுக்குப் போதுமான இறுக்கம் தருவதே முதல் மருந்து. சாதாரணச் சுருள் வாஷரை நம்புவதைவிட, நைலான் வளையமுள்ள நட்டோ, புரியில் தடவும் பூட்டுப் பசையோ மேல்.

இன்னொரு எச்சரிக்கை: டார்க் ரெஞ்சால் (திருப்புவிசையை அளந்து இறுக்கும் கருவி) திருகும்போது கொடுக்கும் திருப்புவிசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. உலர்ந்த புரிக்குக் குறித்த அளவை எண்ணெய் தடவிய புரியில் கொடுத்தால் உராய்வு குறைந்து, மிச்சமெல்லாம் போல்ட்டை நீட்டுவதில் சேரும். போல்ட் அறுந்தே போகலாம்.

கதவு கிறீச்சிடுவதற்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

இயங்கும் விதம் ஒன்றே: பிடித்து நிற்பது, விசை சேர்வது, வரம்பு தாண்டியதும் நழுவுவது, மறுபடி பிடிப்பது. ஓய்வுநிலைக் குணகம் பெரிதாகவும் இயக்கக் குணகம் சிறிதாகவும், நடுவே வில் போல வளையும் ஏதாவது ஒன்றும் இருந்தால் இந்தச் சுழற்சி வரும். கதவுக் கீலில் அது வினாடிக்குப் பல நூறு முறை நடந்து ஒலியாகிறது. வயலின் வில்லில் ரோசின் என்ற மரப்பிசினைத் தேய்ப்பது இந்த வித்தியாசத்தை வேண்டுமென்றே பெரிதாக்கத்தான். கீலுக்கு எண்ணெய் விடுவது அதைச் சிறிதாக்க.

பூமிக்குள் இதே சுழற்சிக்குப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரப் பார்க்கின்றன, பிளவின் இரு பக்கங்களும் உராய்வால் பூட்டிக்கொண்டு பாறையை வளைக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே அப்படிப் பூட்டியிருந்த எல்லை 1,200 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு நழுவியது, 9.1 அளவுள்ள அந்த அதிர்வில் எழுந்த ஆழிப்பேரலைதான் தமிழகத்தின், இலங்கையின் கரைகளைத் தாக்கியது. நிலநடுக்கத்தைப் பிடித்து-நழுவும் உராய்வாகப் பார்க்கலாம் என்று 1966இல் முன்வைத்தவர்கள் பிரேஸ், பையர்லி என்ற இரு ஆய்வாளர்கள்.

குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சமதளத்தில் இயல்பாக நடக்கப் பாதத்துக்குத் தேவைப்படும் குணகம் சுமார் 0.2. உலர்ந்த டைல்ஸ் எதுவும் இதைத் தரும். சோப்புநீர் படலம் இடையில் புகுந்தால் பாதம் டைல்ஸைத் தொடுவதே இல்லை, நீரின்மேல் நிற்கிறது. சொரசொரப்பான டைல்ஸின் பயன், அந்தப் படலம் ஒதுங்கப் பள்ளம் கொடுப்பது.

பெட்டியில் ஆர்9 முதல் ஆர்13 வரை இருக்கும் குறியீடு, எண்ணெய் ஊற்றிய சரிவில் காலணியோடு ஒருவர் நடந்து, எத்தனை பாகை வரை வழுக்காமல் நிற்கிறார் என்ற ஜெர்மானியச் சோதனையின் முடிவு. ஆர்9 என்றால் 6 முதல் 10 பாகை, ஆர்10 என்றால் 19 வரை, ஆர்11 என்றால் 27 வரை. பலகைச் சோதனையை மனிதரை வைத்துச் செய்வதுதான் இது. ஆனால் குளியலறையில் நாம் வெறுங்காலில் சோப்புநீரில் நிற்கிறோம். அதற்குத் தனிச் சோதனை உண்டு, ஏ, பி, சி என்ற தரங்கள் முறையே 12, 18, 24 பாகைகளைக் குறிக்கும். முதியவர்கள் உள்ள வீட்டில் குளிக்கும் இடத்துக்கு பி கேளுங்கள். கடைக்காரரிடம் அந்த விவரம் இல்லையென்றால் ஆர்11ஐ எடுத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை சோப்புப் படிவைத் தேய்த்துக் கழுவாவிட்டால் பள்ளங்கள் அடைத்து, எந்தத் தர டைல்ஸும் வழவழப்பாகிவிடும்.